ஃபூலி கூலியின் தொடர்ச்சி ஏன் பலருக்குப் பிடிக்கவில்லை?

ஃபூலி கூலி என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூனின் முதல் தொடரைக் கொண்டாடியவர்களே அதன் தொடர்ச்சியாக 2018இல் வந்த 'புரோகிரசிவ்', 'ஆல்டர்னேட்டிவ்' இரண்டையும் ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

2000இல் தொடங்கிய மூலத்தொடர் ஆறே அத்தியாயம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் நவோதாவை மஞ்சள் வெஸ்பா ஸ்கூட்டரில் வந்து மோதி, பேஸ் கிடாரால் மண்டையில் அடிக்கிறாள் ஹருகோ என்ற புதிரான பெண். அவன் நெற்றியில் கொம்பு முளைக்கிறது. அதிலிருந்து ரோபோ வெளிவருகிறது. அந்த வயதின் கூச்சமும், வெளியே சொல்ல முடியாத ஆசையும் உடலிலேயே வெடிப்பதை யாரும் வாய்விட்டு விளக்கவில்லை. பார்ப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

'புரோகிரசிவ்' இங்கேதான் சறுக்கியது என்பேன். கொம்பு, கிடார், இஸ்திரிப்பெட்டி வடிவத் தொழிற்சாலை எல்லாம் திரும்ப வந்தன. ஆனால் மூலத்தில் புதிராக இருந்த ஹருகோவின் நோக்கத்தைத் தோண்டித் தோண்டி விளக்கினார்கள். மூலத்தை இயக்கிய த்சுருமாகி கசுயா இம்முறை மேற்பார்வையாளர் மட்டுமே. திரைக்கதையும் வேறொருவருடையது. தி பில்லோஸ் ராக் குழுவின் இசை மட்டும் பழைய நெருக்கத்தோடு ஒலித்தது.

'ஆல்டர்னேட்டிவ்' அப்படியல்ல. தோழிகளைப் பிரியப் பயப்படும் கனா என்ற பெண்ணின் கதை அது. எனக்கு அது உண்மையாகவே பிடித்தது. ஃபூலி கூலி என்ற பெயரில்லாமல் வந்திருந்தால் இன்னும் பலர் அதை நேசித்திருப்பார்கள். அதை முதலில் பாருங்கள்.