அடுப்படிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கே: எனக்கும் வீட்டுக்காரருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சனிக்கிழமைதான் சம்பளம். மாத மளிகையை மொத்தமாக வாங்கினால் மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மொத்தமாகப் பணம் கைக்கு வந்தால்தானே அக்கா வாங்க முடியும்? தினமும் இருபதுக்கும் முப்பதுக்கும் கடைக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.
(திருப்பூர் வாசகி)

ப: நியாயமான கேள்வி தங்கச்சி. மாதச் சம்பளக்காரர்களுக்கான யோசனையை வாரச் சம்பளக்காரர்களிடம் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. மொத்த மளிகையையும் ஒரே நாளில் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மாதத்துக்கு நாலு சனிக்கிழமை வருகிறது இல்லையா, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஒரு வகையை மட்டும் மாதம் முழுவதற்கும் சேர்த்து வாங்குங்கள். முதல் வாரம் எண்ணெய். அடுத்த வாரம் பருப்பு, உளுந்து, கடலை. மூன்றாவது வாரம் துணி சோப்பு, குளியல் சோப்பு, பாத்திரம் துலக்குகிற சாமான். நாலாவது வாரம் மிளகாய், மல்லி, கடுகு, சீரகம். முதல் மாதம் இழுபறியாகத்தான் இருக்கும், ஏனென்றால் மற்ற சாமான்களுக்குச் சில்லறையாகக் கடைக்குப் போவதும் கூடவே நடக்கும். இரண்டாவது மாதம் எண்ணெய் வாங்குகிற சனிக்கிழமை வரும்போது பருப்பும் சோப்பும் வீட்டில் இருக்கும், அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

அப்புறம், சின்ன பாக்கெட் எல்லாமே நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஷாம்பு மாதிரி சில சாமான்களில் பாட்டிலை விடச் சின்ன பாக்கெட்தான் பல சமயம் மலிவு. மிளகாய்த்தூள், காபித்தூள், எண்ணெய் இதிலெல்லாம் பெரும்பாலும் தலைகீழ். பாக்கெட்டின் பின்பக்கம் எத்தனை மில்லி, எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், விலையை அதால் வகுத்துப் பாருங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

ரேஷனை ஒரு மாதமும் விடாதீர்கள். வெளியில் துவரம் பருப்பு விற்கிற விலைக்கு, கார்டுக்குக் கிலோ 30 ரூபாயில் பருப்பும் லிட்டர் 25 ரூபாயில் பாமாயிலும் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஸ்டாக் வந்த அன்றே போய் வாங்கிவிடுங்கள். மாதக் கடைசி என்று தள்ளிப்போட்டால் அந்த மாதப் பருப்பு போனது போனதுதான்.

கே: ரேஷன் அரிசியில் வேறு நிறத்தில் சில அரிசி கிடக்கிறது, கழுவும்போது மிதக்கவும் செய்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் சமைக்கிறேன்.
(விழுப்புரம் வாசகி)

ப: தயவுசெய்து எறியாதீர்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்து அரிசி வடிவத்திலேயே செய்து, 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ கணக்கில் கலந்திருக்கிறார்கள். அதனால்தான் நூறில் ஒன்று மட்டும் வித்தியாசமாகத் தெரிகிறது. வீட்டில் யாருக்காவது தலசீமியா மாதிரி ரத்தக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மற்றபடி ரத்தசோகைக்காகவே போட்டு வருவதை நாமே பொறுக்கிக் குப்பையில் போட்டால் யாருக்கு நஷ்டம்?

கே: பாக்கெட் மாவு வாங்குவதா, வீட்டில் அரைப்பதா? கிரைண்டர் ஓடினால் கரண்ட் பில் ஏறுமே என்று மாமியார் சொல்கிறார்.
(மதுரை வாசகி)

ப: அத்தையிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் டேபிள் மேல் வைக்கிற 2 லிட்டர் கிரைண்டருக்கு 150 வாட் மோட்டார்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் ஓடினாலும் 1 யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது.

ரேஷன் புழுங்கல் அரிசியிலேயே நல்ல இட்லி வரும். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியில் வாடை இருந்தால் தண்ணீர் தெளிவாக வரும்வரை அஞ்சாறு தடவை அலசி, ஊறவைத்த பிறகு நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போய்விடும். அரிசி நாலு மணி நேரம் ஊற வேண்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். பலரும் உளுந்தில் ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள், அங்கேதான் இட்லி கெடுகிறது. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, அப்புறம் கையால் தெளித்துத் தெளித்து அரைத்தால் மாவு பொங்கி வரும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். இப்படிப் பொங்கினால் அதே உளுந்தில் இட்லி கூடுதலாகவே கிடைக்கும்.

ஒரு தடவை அரைத்தால் முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கடுத்த நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம். புளிப்பு ஏறிய கடைசி மாவில் கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிப் பணியாரம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கே: இரண்டு மாதத்துக்கு 480, 490 யூனிட் வரும் வீட்டில் இந்த முறை 510 வந்ததற்குத் தொகை ஏகத்துக்கும் எகிறிவிட்டது. மீட்டரில் கோளாறா?
(செங்கல்பட்டு வாசகர்)

ப: மீட்டர் சரியாகத்தான் இருக்கும் சார். தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு பெரிய கோடு. அதைத் தாண்டினாலும் முதல் 100 யூனிட் இலவசம்தான், ஆனால் 101 முதல் 200 வரைக்குக் கிடைக்கிற சலுகை விலை போய், அந்த 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அதில் மட்டுமே 200 ரூபாய்க்கு மேல் கூடும். போதாததற்கு 500-க்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல்.

உங்களைப் போலக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர்கள், ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து 45-வது நாள் மீட்டரைப் பார்க்க வேண்டும். 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால் மிச்சம் 15 நாளும் இஸ்திரி, ஹீட்டர், ஏசி எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட், தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். அதே வேலையை, கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேன் 22 யூனிட்டில் முடித்துவிடும். எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ராத்திரி முழுக்க ஓடுகிற படுக்கையறை ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

கே: சிலிண்டர் ஒரு மாதத்துக்குக்கூட வருவதில்லை. என்ன செய்யலாம்?
(சேலம் வாசகி)

ப: முதலில் முழு எடை வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் மேல்பக்கத்தில் காலி எடை போட்டிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வருவதுதான் உங்களுக்குச் சேர வேண்டிய எடை. கொண்டுவருகிறவரிடம் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுப்பைப் பொறுத்தவரை, தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது. கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள், புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பிறகு சேருங்கள், புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள், அது கேஸ் டியூப். 5 வருடம்தான் அதற்கு ஆயுள், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

கே: வீட்டில் அஞ்சு பேர். தினமும் சோறும் குழம்பும் மிஞ்சுகிறது. கொட்ட மனசு வராமல் மத்தியானமும் ராத்திரியும் நானே சாப்பிட்டுத் தீர்க்கிறேன். எடை ஏறிவிட்டது, ஆனால் எப்போதும் அசதி, டாக்டர் ரத்தம் குறைவு என்கிறார். முட்டை அவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் கட்டுப்படியாகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். செலவைக் குறைக்க இன்னும் என்ன செய்யலாம்?
(திருநெல்வேலி வாசகி)

ப: உங்கள் கடிதத்தைத்தான் இந்த முறை திரும்பத் திரும்பப் படித்தேன். செலவை இன்னும் எங்கே குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுவரை குறைத்ததெல்லாம் உங்கள் தட்டில்தான். வயிறு நிறையச் சோறு, அதில் சத்து இல்லை. எடை கூடியும் ரத்தம் குறைவாக இருப்பது அதனால்தான். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அதில் எத்தனை பேர் உங்களைப் போல மிச்சத்தைத் தின்று பசியாறுகிறவர்களோ.

சோறு ஏன் தினமும் மிஞ்சுகிறது? பத்தாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு கை கூடுதலாகப் போடுகிறோம். சாப்பிடுகிற நேரத்தில் பானை காலியாகிவிட்டால் அது நமக்குக் குறைச்சல் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். நாளையிலிருந்து அரை டம்ளர் அரிசியைக் குறையுங்கள். வீட்டில் அரைக் கிலோ கெட்டி அவல் வாங்கி வையுங்கள். சோறு பத்தாத நாளில் அவலை அலசிப் பிழிந்து, வெங்காயம் தாளித்து உப்புமா கிண்டப் பத்து நிமிஷம் போதும். அந்த அவல் டப்பா இருக்கிற தைரியத்திலேயே அளவாக வடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதையும் மீறி மிஞ்சினால், சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் விட்டுப் பழைய சோறாக எல்லோருக்கும் பரிமாறுங்கள். குழம்பைச் சுண்டவைத்துச் சுண்டக் குழம்பு, அதுவும் எல்லோருக்கும்தான். மிச்சம் என்றால் அம்மாவுடையது என்ற பழக்கம் உங்கள் பெண்ணுக்கும் போய்ச் சேர வேண்டாம்.

அப்புறம் முட்டை. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் சத்துணவில் பள்ளி நாள் அஞ்சிலும் அவர்களுக்கு முட்டை உண்டு. டிபன் பாக்ஸ் கட்டாமல் அங்கேயே சாப்பிட வையுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டில் வேகிற முட்டையில் ஒன்று உங்களுக்கு. இதைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். முருங்கைக்கீரை உங்கள் ஊரில் கேட்டால் யாரும் ஓசியிலேயே ஒடித்துக் கொடுப்பார்கள், வாரம் இரண்டு நாள் பொரியலோ அடையோ செய்து, கூடவே அரை எலுமிச்சம்பழத்தைச் சோற்றில் பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். ரத்தம் எவ்வளவு ஏறியது என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.

கே: அப்பளம், வடை சுட்ட எண்ணெயை எத்தனை தடவை திரும்பக் காய்ச்சலாம்?
(நாமக்கல் வாசகி)

ப: திரும்பப் பொரிக்கவே வேண்டாம். வடிகட்டி வைத்து இரண்டு நாளைக்குள் தாளிப்புக்கும் தோசைக்கும் தீர்த்துவிடுங்கள். நிறம் கறுத்து நுரை கட்டினால் அதற்கும் ஆகாது. சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றி, நாலு நாலாகப் பொரித்தால் மிஞ்சுவதே குறைவுதான்.

கே: காய்கறித் தோலில் என்னென்ன சமைக்கலாம்?
(தஞ்சாவூர் வாசகி)

ப: பீர்க்கங்காய்த் தோலில் துவையல். நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்தம்பருப்பு, வரமிளகாய், துளி புளி, உப்போடு கரகரப்பாக அரையுங்கள். வாழைக்காய்த் தோலையும் இதேபோல, ஆனால் முதலில் வேகவைத்துவிட்டு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காய் என்றுதான் நினைப்பார்கள். முள்ளங்கிக் கீரையைக் கடைக்காரர் ஒடித்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவுவது முக்கியம், மருந்து அடித்த காய் என்று தெரிந்தால் தோலை விட்டுவிடுங்கள்.

கே: வருஷப் புளி வாங்கினால் வண்டு வைக்கிறது, கறுத்தும் போகிறது.
(தர்மபுரி வாசகி)

ப: மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது விலை இறங்கும், அப்போது வாங்குவது சரிதான். வாங்கியதும் அப்படியே டப்பாவில் அடைத்தால் வண்டு வரத்தான் செய்யும். கொட்டையையும் நாரையும் சுத்தமாக எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மண்பானையிலோ ஜாடியிலோ ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று மாற்றி மாற்றி அழுத்தி வையுங்கள். எவர்சில்வரோ அலுமினியமோ வேண்டாம். கறுப்பது இயல்புதான், பழம்புளி கறுப்பாகத்தான் இருக்கும், குழம்புக்கு ஒன்றும் ஆகாது. ரசத்துக்கு நிறம் வேண்டுமென்றால் கால் கிலோவை மட்டும் தனியாகக் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது ஈரக் கை படக் கூடாது, குழம்பில் உப்பு போடும்போது புளியில் இருக்கிற உப்பையும் கணக்கில் வைத்துக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.