சூம் கூட்டங்களின் பதிவுகள் எங்கே? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

கொரோனா காலத்தில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உரைகளைக் கிழக்கிலங்கைப் பாண்டிருப்பில் வீட்டிலிருந்தபடியே கேட்டேன். அந்த நூலகத்தின் வாசலை நான் மிதித்ததே இல்லை. இங்கே நூலகம் பூட்டிக் கிடந்தபோது எங்கள் வாசகர் வட்டமும் சூமில் கூட்டம் நடத்தியது. கூத்துப் பற்றி, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் பேசியதும் அப்படித்தான். நீங்களும் அதில் இருந்தீர்கள். இப்போது எல்லாரும் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டோம். சூம் எல்லாம் அந்த நேரத்து ஏற்பாடு, இனித் தேவையில்லை என்கிறார்கள் வட்டத்தில். நூலகத்தின் வேலை புத்தகம் இரவல் கொடுப்பதா, நிகழ்ச்சி நடத்துவதா என்ற பழைய கேள்வியும் கூடவே கிளம்பிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஓர் ஆசிரியை, பாண்டிருப்பு

அன்புள்ள டீச்சர்,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் பக்கத்து வாசிகசாலைகளில் பேப்பர் பார்த்ததும் பட்டிமன்றம் கேட்டதும் ஒரே கூரைக்குக் கீழேதான். இரண்டையும் பிரித்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் வரவு செலவுத் திட்டம் எழுதுகிறவர்கள். அந்தச் சண்டை எனக்கு வேண்டாம்.

முதல் கேள்விதான் முக்கியம். என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. அது தளர்ந்து, ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்துக்கு நூலகங்கள் ஆயத்தமாகிற நேரம், அந்த மாதம் முதல் வாரத்திலேயே மினுவாங்கொடையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணி. அந்த வருடக் கடைசியில் அக்கரைப்பற்று முடக்கம். அடுத்த வருடம் ஓகஸ்டில் மறுபடி ஊரடங்கு. ஒக்டோபர் முதலாம் திகதி அதைத் தளர்த்தினார்கள். அன்றைக்கு எவர் மண்டபத்தில் கூட்டம் கூட்டத் துணிவார்? ஆக இரண்டு வாசிப்பு மாதங்களில் சூமில் நடந்ததைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. நடத்தியவர்களில் பலர் கைக்காசில் டேட்டா போட்டவர்கள். அதை ‘அந்த நேரத்து ஏற்பாடு’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இழந்ததும் உண்டு. காலையில் வந்து பத்திரிகை விரிக்கிற, ஸ்மார்ட் போன் இல்லாத மனிதர் எந்தக் கூட்டத்திலும் இல்லை. ஒரு போனை மூன்று பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குப் பங்கு போட்ட வீடுகளில் அம்மாவுக்கு இலக்கியக் கூட்டம் எப்படிக் கிடைக்கும்?

அண்ணாவியார் பேசிய அந்தக் கூட்டத்தையே எடுங்கள். கூத்தின் இரண்டு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம் என்று விளக்க மத்தளத்தைத் தட்டினார். சூம் அதை இரைச்சல் என்று நினைத்து அமத்திவிட்டது. அவர் வாய் அசைகிறது, கை விழுகிறது, சத்தம் இல்லை. ரொறன்ரோவில் காலை ஒன்பதரைக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஒருவர்தான் அமைப்பில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு வேறொரு வீட்டிலிருந்து பிற்பாட்டுக்காரர் சேர்ந்தார். அவர் குரல் ஒரு இழுவை பிந்தியே வந்தது. “பிந்துது, பிந்துது” என்று அண்ணாவியார் இரண்டு தடவை ஏசிவிட்டுத் தனியாகவே பாடினார். வட்டக்களரியில், சுற்றிவரச் சனம் இருக்கிற மேடையில், நடக்கிற ஒன்றைச் சின்னப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. உங்கள் வட்டத்தினர் சொல்வது இந்த அளவில் சரி.

ஆனால் அதே கூட்டத்தில் லண்டனிலிருந்து ஒருவர், தன் ஊரில் இந்தத் தரு, அதாவது கூத்துப் பாட்டு, இப்படி வராது என்று சொல்லி, தான் சின்ன வயதில் கேட்டபடி பாடிக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? அண்ணாவியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது எந்த அண்ணாவியாரின் வழி என்று விசாரிக்கத் தொடங்கினார். ஒரு தருவின் இரண்டு ஊர்ப் பாடங்கள் ஒரே மணித்தியாலத்தில் பதிவாகின. நூலக மண்டபத்தில் இது நடந்திருக்காது. அந்த மனிதர் ஊரைவிட்டுப் போய் எவ்வளவோ காலம்.

இப்போது நான் கேட்கிறேன்: அந்தப் பதிவு எங்கே?

நீங்கள் உரை கேட்ட ரோஜா முத்தையா நூலகம் எப்படி வந்தது என்று பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் காலமானார். 1994இல் அந்தச் சேகரத்தின் மேல்தான் நூலகம் எழுந்தது. நேற்றைய நாடக நோட்டீஸ் இன்று ஆய்வாளருக்கு ஆதாரம். உங்கள் வட்டம் வட்ஸ்அப்பில் அனுப்பிய கூட்ட அறிவித்தல்களும் அதே சாதிதான். ஒன்றாவது யாரிடமாவது இருக்கிறதா?

கிழக்கில் 1978 நவம்பர் சூறாவளியில் போன ஏடுகள் உண்டு, யுத்தத்தில் போனவை உண்டு, 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனவை உண்டு. கொரோனாக் காலத்துப் பதிவுகள் தொலைய அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்க வேண்டியதில்லை. யாராவது போனை மாற்றினால் போதும். அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் தணியக் குளிர்த்திப் பாட்டுப் பாடுகிற கண்ணகி கோயில்களிலேயே வைகாசியில் கூட்டம் சேரக்கூடாது என்று வந்த வருடங்கள் அவை. அந்த வருடத்துக் குளிர்த்தியை யாரோ போனில் எடுத்திருப்பார்கள். அதைத் தேடிப் பிடித்து வைப்பது நூலகத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

ஆகவே மாதாமாதம் சூம் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பேசுகிறவரோ கேட்க வேண்டியவரோ வெளிநாட்டில் இருந்தால் மண்டபத்தில் ஒரு மடிக்கணினியைத் திறந்து வையுங்கள். கூத்து களரியிலேயே ஆடட்டும். பொன்னாடை போர்த்துவதை நேரடி ஒளிபரப்புச் செய்ய வேண்டாம், தயவுசெய்து. நடந்து முடிந்த கூட்டங்களைப் புத்தகங்களைப் போலவே பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள்: திகதி, பேசியவர், பொருள், எந்த வன்தட்டில் இருக்கிறது. ஒரு பிரதி நூலகத்தில், இன்னொன்று வெளியே. 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் ‘நூலகம்’ என்ற திட்டத்தார் ஒலி, ஒளிப் பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறார்கள்; அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

முதல் வேலையாக அந்த அண்ணாவியாரிடம் போய்ப் பதிவை வைத்திருக்க அனுமதி கேளுங்கள். லண்டன்காரரின் ஊரையும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அவர் பாடிய பாடம் எந்த ஊருடையது என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. கோப்பு உங்கள் செயலாளரின் மடிக்கணினியில், சூம் தானாக வைத்த இலக்கப் பெயரோடு கிடக்கும் என்று நினைக்கிறேன். நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்து எல்லாரும் திரும்பவும் சேர்ந்தோம் அல்லவா, அதனால் இரண்டு கோப்புகள் இருக்கும். தரு இரண்டாவதில் இருக்கிறது. இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்