ஓடுற மெஷினை எதுக்கு மாத்தணும்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்புல (தோல் பதனிடற கம்பெனி) ஆபீஸ் வேலை பாக்கறேன். கம்ப்யூட்டரு ரிப்பேர்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. ஆபீஸ்ல எல்லாம் விண்டோஸ் 10, ஸ்டோர்ல ரெண்டு விண்டோஸ் 7, தோல் அளக்குற மெஷினோட சேர்ந்து வந்த கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் எக்ஸ்பி. மாத்தணும்னு முதலாளிகிட்ட சொன்னா "ஓடிக்கினுதானப்பா கீது, இன்னாத்துக்கு மாத்தணும்"னு கேக்கறாரு. எப்படி சொல்லி புரிய வைக்கறது, எதுல இருந்து ஆரம்பிக்கறது?
(பெயர் வேண்டாம் என்கிறார், ஆம்பூர்)

பதில்: முதலாளி கேக்கறது நியாயமான கேள்விதான் தம்பி, நாமதான் பதிலை சரியா சொல்றதில்ல. "சப்போர்ட் முடிஞ்சுது"ன்னு சொன்னா மெஷினே நின்னுடும்னுதான் அவரு புரிஞ்சுக்குவாரு, மறுநாள் காலைல வந்து சுவிட்ச் போட்டா அது பாட்டுக்கு ஜம்முனு ஓடும், அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நின்னுச்சு, அதாவது அதுக்கு மேல திருடன் உள்ள நுழையற மாதிரி புதுசா ஓட்டை தெரிஞ்சா இலவசமா அடைக்க ஆள் இல்ல. இதுல இன்னொரு வம்பு இருக்கு. விண்டோஸ் 11-க்கு மாசாமாசம் வர்ற அப்டேட்டைப் பிரிச்சுப் பாத்து, எந்த ஓட்டையை அடைச்சிருக்காங்க, அதே ஓட்டை 10-லயும் இருக்கான்னு தேடறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க.

"நான் எந்த லிங்க்கையும் அமுக்க மாட்டேன், எனக்கு என்ன வரப்போவுது"ன்னு சொல்றவங்களுக்கு 2017 மே மாசம் வந்த வானாக்ரைங்கற வைரஸை ஞாபகப்படுத்துங்க. அதுக்கு யாரும் எதையும் அமுக்க வேண்டியதே இல்ல, ஃபைல் ஷேரிங்குக்கு விண்டோஸ் வச்சிருந்த பழைய எஸ்எம்பி 1 வழியா ஒரு மெஷின்ல இருந்து அடுத்த மெஷினுக்குத் தானா தாவிச்சு. அடைப்பு மார்ச் மாசமே வந்துடுச்சு, போடாம விட்டவங்க மாட்டினாங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லயே கதை முடிஞ்சிருந்தும் அந்த வாட்டி மைக்ரோசாஃப்ட் அதுக்கும் பேட்ச் விட்டாங்க, ஆனா ஒவ்வொரு வாட்டியும் விடுவாங்கன்னு நம்பி உக்கார முடியாது.

முதலாளிகிட்ட வைரஸ் கதையே பேசாதீங்க, பணத்தைப் பேசுங்க. கன்டெய்னர் கப்பல் ஏறினப்புறம், இந்த ஓட்டை வழியா எவனாவது உள்ள பூந்து உங்க மெயில் ஐடியில இருந்தே பையருக்கு "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க"ன்னு ஒரு மெயில் போனா என்ன ஆகும்னு மட்டும் கேளுங்க. ஏற்றுமதி தொழில்ல இருக்கறவருக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

அதனால வரிசை இதுதான். ஸ்டோர்ல இருக்கற அந்த விண்டோஸ் 7 ரெண்டுலயும் இன்டர்நெட் இருந்தா முதல்ல நெட்டைக் கழட்டுங்க, விண்டோஸ் 7-க்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14-லயே முடிஞ்சாச்சு, குரோம் கூட 109-ஆவது வெர்ஷனோட 7-ஐக் கைவிட்டுடுச்சு. அடுத்தது பேங்க், மெயில், ஜிஎஸ்டி பாக்குற மெஷினுங்க. அதுங்க விண்டோஸ் 11 தாங்குமான்னு தெரிஞ்சுக்க ப்ராசசர் நம்பரைப் பாருங்க. இன்டெல் ஐ5-6500னா ஆறாவது ஜெனரேஷன், தாங்காது, 8400னா எட்டாவது, தாங்கும், 10400னா பத்தாவது. எட்டுக்குக் கீழ இருக்கறது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டோட லிஸ்ட்லயே கிடையாது. நம்பர் சரியா இருந்தும் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேக்கற பாதுகாப்பு சிப்) இல்லன்னு சொன்னா உடனே புது மெஷின் வாங்கிடாதீங்க, நிறைய போர்டுல அது பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) ஆஃப் ஆகித்தான் இருக்கும், இன்டெல்லா இருந்தா பிடிடின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணா போதும்.

எல்லாத்தையும் ஒரே வருஷத்துல வாங்க முடியலன்னா காசு கட்டி அப்டேட் வாங்கிக்கற வழி இருக்கு, கம்பெனிகளுக்கு முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் அது டபுள், மூணாவது வருஷம் அதுக்கும் டபுள், அதோட முடிஞ்சுது. ரெண்டாவது வருஷம் சேர்ந்தாலும் முதல் வருஷக் காசையும் சேர்த்துத்தான் வாங்குவாங்க. என்னைக் கேட்டா ஒரு வருஷத்துக்கு மேல இதுல காசு போடறது வீண். இன்னொண்ணு, மாத்தற வேலையை 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவுல வச்சுக்காதீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற நேரத்துல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கு டிரைவர் கிடைக்கலன்னு நின்னா அக்கவுண்ட்ஸ்காரங்க உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாங்க.

கடைசியா அந்த எக்ஸ்பி. அதை மட்டும் மாத்தாதீங்க! தோலை உள்ள விட்டா எத்தனை ஸ்கொயர் ஃபீட்டுன்னு கணக்குப் போட்டு தோலோட பின்பக்கத்துல நம்பரைக் குத்தற மெஷின், அந்த நம்பரை வச்சுத்தான் பில்லே போடறீங்க, மெஷினோ பின்னாடி இருக்கற பழைய சீரியல் போர்ட்ல பேசுது, அதோட சாஃப்ட்வேர் புது விண்டோஸ்ல ஏறுமாங்கறதே சந்தேகம். அதுக்கு லேன் கேபிளை மட்டும் பிடுங்கிடுங்க. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்ல குளோன் எடுத்துப் பீரோவுல வைங்க, ஏன்னா ஷாப்பு காத்துலயும் நம்ம ஊர் மே மாச வெயில்லயும் வைரஸுக்கு முன்னாடி அந்த டிஸ்க்குதான் போகும். அதே மாடல் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கிடைச்சா வாங்கிப் போட்டு வைங்க. கணக்கை ஆபீசுக்குக் கொண்டு வர பென் டிரைவ் வேணும்னா அதுக்குன்னே ஒண்ணு ஒதுக்குங்க, ஒவ்வொரு வாட்டியும் முதல்ல புது மெஷின்ல ஸ்கேன் பண்ணிட்டுத்தான் எக்ஸ்பியில சொருகணும், அதுல யாரும் பாட்டு ஏத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது.

கேள்வி: எங்க கடை கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு ஆகாதுன்னு சொல்லுது. ஆனா தெரிஞ்ச சர்வீஸ்காரரு "செக்கிங்கைத் தாண்டி 11 போட்டுத் தரேன்"றாரு. போட்டுக்கலாமா அண்ணா?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: போட முடியும், ஓடவும் ஓடும். ஆனா தகுதி இல்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் தர மாட்டோம்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லிடுச்சு, அப்டேட்டுக்காகத்தான் மாத்தறோம், அதுவே நிச்சயமில்லன்னா எதுக்கு? ரொம்பப் பழைய கோர் டூ டுவோ மாதிரி மெஷின்னா விண்டோஸ் 11-ஓட 24எச்2 வெர்ஷன்ல பூட்டே ஆகாது. வெறும் பிரவுசரும் பில் டைப் பண்றதும் மட்டும்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க, இலவசம். டேலி ஓட்டறீங்கன்னா அது சரிப்படாது, காசு சேர்த்து வேற மெஷினே வாங்கிடுங்க.

கேள்வி: சத்துவாச்சாரில ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருக்கேன். புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாங்க, பழைய தமிழ் ஃபைல் எதைத் திறந்தாலும் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமா வருது. ஃபைல் எல்லாம் கெட்டுப் போச்சான்னு பயமா இருக்கு. ஸ்டார்ட் பட்டனும் நடுவுல போய் உக்காந்துடுச்சு சார்.
(வாசகி, வேலூர்)

பதில்: ஒண்ணும் கெடலம்மா. நீங்க பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணியிருப்பீங்க, அந்த ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது, "தமிழ்"னு நீங்க அடிச்சது உள்ள ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னுதான் இருக்கும், மேல தமிழ் உருவம் போட்டுக் காட்டறது ஃபான்ட் மட்டும்தான். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடறதுக்குள்ள சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய் பாமினி, வானவில்னு பேர் வச்ச எல்லாத்தையும் காப்பி பண்ணிப் புதுசுல இன்ஸ்டால் பண்ணுங்க, ஃபைல் பழையபடி தெரியும். இனிமே டைப் பண்றதை யூனிகோடுல (ஃபைலுக்குள்ளயே தமிழ் எழுத்தா இருக்கற முறை) பண்ணிப் பழகுங்க, பழைய வக்காலத்து, ஒப்பந்தம் எல்லாத்தையும் கன்வர்ட்டர்ல போட்டு மாத்தும்போது சர்வே நம்பரையும் பேரையும் ஒரு வாட்டி கண்ணால சரி பாருங்க, இங்கிலீஷும் தமிழும் கலந்த வரியில அது சொதப்பும். பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடறதா இருந்தா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வக்கீல் கையில குடுத்துடுங்க, கட்சிக்காரங்க சமாச்சாரம் பூரா அதுலதான் இருக்கு.

ஸ்டார்ட் பட்டனுக்கு டாஸ்க்பார்ல காலியா இருக்கற இடத்துல ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்க, கீழ அலைன்மென்ட்னு இருக்கறதுல லெஃப்ட்னு மாத்துங்க, பழைய இடத்துக்கே வந்துடும்.