ஒரு மாசத்துக்கெல்லாம் கொண்டாட்டமா?

அன்பான அக்காவுக்கு,

நான் திருகோணமலை, திருக்கடலூர் பக்கம். கடல் தொழில், பின்னேரம் ஃபைபர் போட்டில போனா விடியத்தான் கரைக்கு வாறது. ஸ்கூல விட்டு கடலுக்குப் போகத் தொடங்கின வயசில பழகின சிகரெட்ட விட்டு இப்ப ஒரு மாசம் ஆகப்போகுது. சின்ன மகனுக்கு முட்டு வருத்தம், பம்ப் அடிக்கிறவன், கிளினிக்கில டொக்டர் வீட்டில ஆராவது பத்துறதோ எண்டு கேக்க அவன் என்னைத் திரும்பிப் பாத்தான், வாய் திறக்கேல்ல. அண்டையோட நிப்பாட்டிட்டன்.

பிரச்சினை என்னெண்டா, மனுசி குசினிக்குள்ள தொங்கிற கலண்டர்ல ஒவ்வொரு நாளும் சிவப்புப் பேனையால வட்டம் போடுறா. முதல் கிழமை முடிய பாயாசம் காச்சினா, அதோட கலண்டரப் படம் எடுத்து கனடாவில இருக்கிற தங்கச்சியாக்களுக்கும் வட்ஸ்அப்பில அனுப்பிட்டா, அங்க எல்லாரும் கைதட்டி ஸ்டிக்கர் போடுறாங்க. எனக்கு சந்தோசம் வரேல்ல அக்கா, கோவம்தான் வருது. தொழிலுக்கு வெளிக்கிடேக்க "இண்டைக்கும் கவனம் என்ன" எண்டு சொன்னா, எனக்கு வந்த விசருக்கு நல்லாக் கத்திட்டன்.

வாடியில பெடியள் ஒரு மாசம் விட்டவன் எத்தின பேரப் பாத்திட்டம் எண்டு சிரிக்கிறாங்க. அவங்களே இந்தச் சனிக்கிழமை ஒரு போத்தல் எடுத்துப் பார்ட்டி போடுவம் எண்டும் நிக்கிறாங்க. உடம்பும் சொல்லுக் கேக்குதில்ல. இருமல் முந்தியவிடக் கூட, வாய்க்குள்ள புண், நித்திரை இல்ல, பிளேன்டீ குடிச்சா நெஞ்சு படபடக்குது. வலைய விட்டுட்டு இழுக்கிற வரைக்கும் சும்மா இருக்கிற நேரம்தான் பெரிய கரைச்சல். பக்கத்தில இருக்கிற அண்ணர் இதப் போடு, ஆசை அடங்கும் எண்டு பொயிலையோட வெத்திலை நீட்டுறார்.

இந்தச் சின்ன நாள்கணக்கையெல்லாம் கொண்டாடத்தான் வேணுமா? நாளைக்குத் திரும்பப் பத்தினா எல்லாற்ற முகத்திலயும் எப்பிடி முழிக்கிறது?

பெயர் வேண்டாம்,
திருகோணமலை

*

அன்பான தம்பி,

கொண்டாடத்தான் வேணும். ஆனா எதை, ஆரோட, எப்பிடிக் கொண்டாடுறது எண்டத நீங்கதான் முடிவெடுக்க வேணும், இப்ப அது உங்கட கையில இல்லாததாலதான் கோவம் வருது எண்டு நினைக்கிறன்.

ஏன் கொண்டாட வேணும் எண்டத முதல்ல சொல்லுறன். புகைய இழுத்து ஒரு பத்து செக்கனுக்குள்ள நிக்கொட்டின் மூளைக்குப் போயிடும், சுகம் உடன கிடைச்சிடும். விட்டதால வாற நன்மை அப்பிடி இல்ல. கடைசி சிகரெட் முடிஞ்சு 20 நிமிசத்தில நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும், ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள ரத்தத்தில இருந்த காபன் மொனொக்சைட் போயிடும், ஒரு வருசத்தில மாரடைப்பு வாற ஆபத்து பத்துறவருக்கு இருக்கிறதில பாதி அளவுக்குக் குறையும். பெரிய விசயங்கள்தான், ஆனா ஒண்டும் உங்களுக்கு உள்ளுக்க தெரியாது, தெரியிறது இருமலும் புண்ணும் மட்டும்தான். மூளை இதில நட்டம் மட்டும்தான் இருக்கு எண்டு கணக்குப் போடுற இந்த முதல் மாசத்தில, லாபமும் இருக்கு எண்டு அதுக்குக் காட்ட ஏதாவது கண்ணுக்கு முன்னால வேணும்.

இருமலுக்குப் பயப்பிடாதீங்க. சுவாசக்குழாய்க்குள்ள சளியக் கூட்டித் தள்ளுற மெல்லிய முடி மாதிரியான அமைப்பு இருக்கு, புகை அதை இவ்வளவு காலமும் மரத்துப்போக வச்சிருந்தது, இப்ப அது எழும்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கு. தண்ணி நல்லாக் குடிங்க, கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். வாய்ப்புண்ணும் விட்ட புதுசில கனபேருக்கு வாறதுதான். ஆனா சளியில ரத்தம் கண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இருமல் குறையாமலே இழுபட்டாலோ உடன ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், அதில விளையாடக்கூடாது. நெஞ்சு படபடப்புக்கு அனேகமா தேத்தண்ணிதான் காரணம். சிகரெட் புகை தேத்தண்ணியில இருக்கிற கஃபீனை ஈரலில கெதியாக் கரைய வைக்கும், அது நிண்டதோட முந்திக் குடிச்ச அதே பிளேன்டீ இப்ப ரெண்டு மடங்கு குடிச்ச மாதிரி ரத்தத்தில நிக்கும். அதால தேத்தண்ணியப் பாதியாக்கிப் பாருங்க, நித்திரையும் திரும்பி வரும். அதுக்குப் பிறகும் படபடப்பு குறையாட்டி டொக்டரிட்டக் காட்டுங்க.

இனி நாள்கணக்கு. கலண்டர் வட்டம் நல்லதுதான், ஆனா என்னைக் கேட்டா உங்கட கணக்கு நாளில இல்ல. சிகரெட் இல்லாமக் கடந்த முதல் ராத் தொழில், அது ஒண்டு. வலை விட்டுட்டு இருந்த முதல் காத்திருப்பு. மீன் படாமத் திரும்பின முதல் விடியல். மனுசியோட முதல் சண்டை, அதையும் நீங்க பத்தாமத்தான் கடந்திருக்கிறீங்க, எழுதின உங்களுக்கே அது தெரியேல்லப் போல. இன்னும் வரும். ஒரு செத்த வீட்டுக்குப் போவீங்க, தட்டத்தில வெத்திலையும் சிகரெட்டும் வச்சு ஆள் ஆளா நீட்டிக்கொண்டு வருவாங்க, உங்கட கை பழக்கத்தில தானா நீளும், நீங்க கையைப் பின்னால இழுத்துக்கொள்ளுவீங்க. அந்த நாள ஒரு கலண்டரும் முன்கூட்டிச் சொல்லாது, ஆனா அது ஒரு மாசத்தவிடப் பெரிசு. இதுகள ஒரு கொப்பியில ரெண்டு வரியா எழுதி வையுங்க.

கடல்ல ஆசை வரேக்க, அது வந்து ஏறி இறங்க அனேகமா ஒரு சில நிமிசம்தான், ராப்பூரா நிக்காது. கராம்பு ஒண்டை வாயில போடுங்க, தண்ணி குடிங்க, கைக்கு வலை பொத்துற மாதிரி ஒரு வேலை குடுங்க. அண்ணர் நீட்டுற வெத்திலை வேண்டவே வேண்டாம். பொயிலையிலயும் அதே நிக்கொட்டின்தான், பொயிலையும் பாக்கும் ரெண்டுமே வாய்ப்புற்றுநோய் கொண்டு வாற சாமான்.

உங்கட மனுசிய நினைக்க எனக்கு மனசு கனக்குது. பிள்ளை ராவில மூச்செடுக்க ஏலாமக் கிடக்கேக்க பக்கத்தில முழிச்சிருந்தவ அவதானே. அவ உங்களக் காவல் காக்கேல்ல, பயத்தில எண்ணுறா. உங்கட எரிச்சலில ஒரு பங்கு நிக்கொட்டின் இல்லாததால வாறது, அது இன்னும் சில கிழமையில குறையும், அதையும் அவவுக்குச் சொல்லுங்க. கத்தாம, சாப்பாட்டு நேரத்தில, "பேனைய என்னட்டத் தா, நான் கரைக்கு வந்து நானே போடுறன், கனடாவுக்கு நான் சொல்லும்போது அனுப்பு" எண்டு கேட்டுப் பாருங்க. முடிஞ்சா வட்டம் போடேக்க மகனையும் பக்கத்தில வச்சுக்கொள்ளுங்க, அவன் பாத்த ஒரு பார்வையிலதானே இது தொடங்கினது.

திரும்பப் பத்தினா என்ன செய்யிறது எண்டு கேட்டீங்க. ஒரு இழுவைதானே எண்டு தொடாதீங்க, அனேகமான ஆக்கள் அதிலதான் திரும்ப விழுறது. அப்பிடியும் தவறிட்டா, நீங்க கடந்த அந்த முதல் ராக்கள் அழிஞ்சு போகாது, எந்த இடத்தில தவறினது எண்டு பாத்துட்டு அடுத்த நேரமே திரும்பத் தொடங்குங்க. வெட்கத்தில ஒளிச்சு ஒளிச்சுப் பத்துறதுதான் கூடாது. தனிய ஏலாட்டி 1948 க்கு அடியுங்க, புகைத்தல விடுறவைக்கு ஆலோசனை சொல்லுற அரசாங்க இலக்கம் அது.

சனிக்கிழமைப் போத்தலுக்கு மட்டும் போகாதீங்க, இந்த முதல் மாசங்களில குடியோட சிகரெட் திரும்பி வாறதுக்குத்தான் சான்ஸ் கூட. பெடியளுக்குக் கோவம் வந்தா வரட்டும். ஒரு மாசமா சிகரெட்டுக்குப் போகாத காசு இருக்குதானே, அதை எடுத்துக்கொண்டு அண்டைக்கு மனுசி பிள்ளையளோட நிலாவெளிப் பக்கம் போய் நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க.

அன்போட,
அக்கா