உயரமான கணவாயை நண்பகலுக்குள் கடந்துவிட வேண்டும் என்கிறார்களே, ஏன்?

இரு சிகரங்களுக்கு நடுவே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து வழிவிடும் இடம்தான் கணவாய். சிகரங்களைவிடத் தாழ்வானது என்றாலும், முதுகில் மூட்டையுடன் நடப்பவருக்கு அன்றைய பயணத்தின் உச்சி அதுவே. மரமோ மறைவிடமோ பெரும்பாலும் இருக்காது.

கோடையில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகின்றன. அவற்றை ஒட்டிய காற்றும் சூடாகி, ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே எழுகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி மூடியில் பட்டுத் துளியாவதைப் போல, அந்த ஈரம் உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. பிற்பகலில் அதுவே இடியும் மின்னலுமாக வெடிக்கலாம். வெட்டவெளியான கணவாயில் மின்னலிடம் மாட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து.

பனியும் ஒரு காரணம். இரவில் உறைந்து இறுகிய பனி விடியலில் காலைத் தாங்கும் (வழுக்கவும் செய்யும், கவனம்). நண்பகலில் அது இளகி, முழங்கால்வரை உள்ளிழுக்கும். மறுபக்கம் இறங்கும்போது ஓடைகளைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பனி உருகுவதால், காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் மாலையில் தொடையைத் தொடலாம்.

காலையில் வானம் தெளிவாக இருந்தால் நாள் முழுவதும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். மேகமற்ற அந்த வானம்தான் சரிவுகளை விரைவாகச் சூடேற்றுகிறது.