பழைய புளூடூத் ஸ்பீக்கரில் காஸ்டிங்கும் குரல் உதவியும் சேர்க்க முடியுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு. கூடத்தில் ஐந்து வருடங்களுக்கு முன் வாங்கிய புளூடூத் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. கைப்பேசியோடு கொல்லைப்பக்கம் போனால் பாட்டு அறுந்துபோகிறது. அழைப்பு வந்தால் நின்றுவிடுகிறது. மென்பொருளைப் புதுப்பித்தால் காஸ்டிங், குரல் உதவி இரண்டும் வந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். 78 வயதான அப்பா தமிழில் கேட்டால் பாட்டு ஒலிக்க வேண்டும். புதிய ஸ்பீக்கர்தான் வழியா?

பதில்: புதிய ஸ்பீக்கர் வேண்டியதில்லை. ஆனால் புளூடூத் மட்டுமே உள்ள ஸ்பீக்கரில், கடையில் சொன்னபடி மென்பொருளால் மட்டும் இந்த வசதிகள் வந்துவிடா.

புளூடூத்தில் இணையத்திலிருந்து பாட்டை எடுத்து, அதைச் சுருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்பும் வேலை முழுவதும் கைப்பேசியைச் சேர்ந்தது. அதனால்தான் கைப்பேசி விலகினாலோ, அழைப்பு வந்தாலோ பாட்டும் நிற்கிறது. காஸ்டிங் முறைகளில் ஒன்றான கூகுள் காஸ்டில் கைப்பேசி எந்தப் பாட்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஸ்பீக்கரே வைஃபை வழியாக அதை இணையத்திலிருந்து நேரடியாக எடுத்து ஒலிக்கிறது. அதற்கு ஸ்பீக்கருக்குள் வைஃபை சில்லும், அந்த வேலையைச் செய்யும் புராசசரும் நினைவகமும் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே வைஃபை உள்ள சில ஸ்பீக்கர்களுக்கு நிறுவனங்கள் புதுப்பிப்பின் மூலம் காஸ்டிங் வழங்கியதுண்டு. உங்கள் ஸ்பீக்கருக்கான கைப்பேசிச் செயலியில் வைஃபை அமைப்பு என்ற பகுதியே இல்லையென்றால் அதற்கு இடமில்லை.

குரல் உதவிக்குத் தேவை இன்னும் அதிகம். தன் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் மறுகோடியிலிருந்து வரும் பேச்சைப் பிரித்தறிய, பல மைக்குகள் சேர்ந்த அமைப்பு வேண்டும். பெட்டியில் ‘வொர்க்ஸ் வித் அலெக்சா’ என்று அச்சிட்டிருந்தால், வேறொரு அலெக்சா கருவி இதை இயக்க முடியும் என்றுதான் பொருள்; இதனிடமே பேசலாம் என்பதற்கு ‘அலெக்சா பில்ட்-இன்’ என்று இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பணம் கொடுத்தவர்கள் பலர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஸ்பீக்கரின் பின்புறம் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளையோ, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், காஸ்டிங் வசதியுள்ள சிறிய ஸ்ட்ரீமர் பெட்டி ஒன்றை அதில் இணைத்தால் போதும். வீம் நிறுவனத்தின் ‘புரோ’ மாதிரியில் கூகுள் காஸ்ட், ஆப்பிள் கருவிகளுக்கான ஏர்பிளே 2 இரண்டும் உண்டு. அதே நிறுவனத்தின் ‘மினி’யில் ஏர்பிளே 2 உண்டு, கூகுள் காஸ்ட் இல்லை. ஆண்ட்ராய்டு வீட்டுக்கு ‘மினி’ பொருந்தாது. கூகுளின் பழைய ஸ்ட்ரீமரான குரோம்காஸ்ட் ஆடியோ மலிவாகக் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: 2015இல் வந்த அதன் தயாரிப்பு 2019இலேயே நின்றுவிட்டது, 2025 மார்ச்சில் சான்றிதழ் காலாவதியானதால் அவை முடங்கி, பிறகு கூகுள் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இணைத்தபின் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், இரண்டுக்கும் ஒரே யுஎஸ்பி அடாப்டரிலிருந்து மின்சாரம் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்ட்ரீமருக்குத் தனி அடாப்டர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உங்கள் வீட்டில் எனக்குக் கவலை தருவது சுவர்தான். டெல்டாவின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர் இரண்டைக் கடப்பதற்குள் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிகவும் மெலிந்துவிடுகிறது. ஃபைபர் கம்பி வந்து சேருகிற இடம் என்பதற்காக ரூட்டரைத் திண்ணை அறையில், அதுவும் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதை முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்துக்கு, சாரல் படாத உயரத்துக்கு மாற்றினால், திறந்தவெளி வழியாகவே அலை கூடத்துக்கு வந்து சேரும். ஸ்ட்ரீமரை, சுவரை இன்னும் நன்றாகக் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். இரண்டாவது ரூட்டர் சேர்ப்பதாக இருந்தால் அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலையில் அமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது தனி வலையமைப்பாகிவிடும். கைப்பேசியின் காஸ்ட் பட்டியலில் ஸ்ட்ரீமரின் பெயரே தெரியாமல் போகலாம்.

அப்பாவின் தமிழுக்கு வருகிறேன். அலெக்சா இந்தியாவுக்கு 2017இல் ஆங்கிலத்தில் வந்து, 2019இல் ஹிந்தியும் கற்றது. ஸ்பீக்கரில் தமிழ் ஆணைகளுக்கு அதை நம்ப முடியாது. கைப்பேசியில் நிலைமை வேறு. கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் 2017 முதலே தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. பாட்டுச் செயலியின் தேடல் கட்டத்தில் மைக்கை அழுத்தி, அப்பா பாட்டின் பெயரைத் தமிழிலேயே சொல்லட்டும். பிறகு காஸ்ட் சின்னத்தை ஒருமுறை தொட்டால் கூடத்தில் ஒலிக்கும். பழைய கைப்பேசி ஒன்றை இதற்கென்றே அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் கேட்பதில் அவருக்குத் தடையில்லை என்றால், ஆக்ஸ் வெளியீடு உள்ள நான்காம் தலைமுறை எக்கோ டாட் என்ற சிறிய அலெக்சா ஸ்பீக்கரை, உங்கள் ஸ்பீக்கருடன் கம்பியால் இணைக்கலாம். ஐந்தாம் தலைமுறையில் அந்தத் துளை இல்லை.

ஸ்ட்ரீமரை வாங்கும்போதே ரூட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் ரூட்டர் விழித்து, இணையம் வந்து, ஸ்ட்ரீமர் அதைக் கண்டுபிடிக்கும்வரை அப்பா காத்திருக்க வேண்டியிருக்காது.