ஏலத்தில் எடுத்த ஓவியத்துக்குச் சிசி கணக்கிலிருந்து பணம் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன், வயது 54. இலண்டனில் இருக்கும் மைத்துனர் மூலம் நான்கு ஆண்டுகளில் ஏழு இந்திய ஓவியங்களை அங்குள்ள ஏலங்களில் எடுத்திருக்கிறேன். அவரே கையெழுத்திட்டு ஏலம் கேட்கிறார். ஒரு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதால் சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கிலிருந்து, அதாவது தொழிலின் அன்றாடச் செலவுக்கு வங்கி தரும் கடன் கணக்கிலிருந்து, எடுத்து அனுப்புகிறேன். அப்படி எடுத்ததில் 70 லட்சம் ரூபாய் இன்னும் நிலுவையில் உள்ளது. அடுத்த ஏலத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்து ஓவியர் ஒருவரின் படத்துக்கு 20,000 பவுண்டு வரை கேட்கப்போவதாக மைத்துனர் சொல்கிறார். நான் முன்பு எடுத்த படங்கள் எல்லாம் ஏல நிறுவனத்தின் மதிப்பீட்டைவிட 25 சதவீதம் கூடுதலாக விலைபோயிருப்பதால் துணிந்து இறங்கலாமா, அல்லது ஓவியங்களைப் பங்குகளாக விற்கும் நிறுவனங்களில் பணம் போடலாமா?

பதில்: எந்த ஓவியரை வாங்குவது, படத்தின் கைமாறிய வரலாற்றை எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். என்னைக் கவலைப்படுத்துவது ஒன்றுதான்: நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் வங்கி தந்த பணத்தில் நீங்கள் ஓவியம் வாங்குகிறீர்கள், அதுவும் வேறொருவர் முடிவு செய்த தொகைக்கு வாங்குகிறீர்கள்.

முதலில் அந்த 25 சதவீதத்தைப் பார்ப்போம். பெரிய ஏல நிறுவனங்கள் பட்டியலில் அச்சிடும் மதிப்பீட்டில் வாங்குபவர் கட்டணம், அதாவது ஏல விலைக்கு மேல் வாங்குபவரிடம் நிறுவனம் வசூலிப்பது, சேராது. ஏலம் முடிந்தபின் அறிவிக்கும் விற்பனை விலையிலோ அது சேர்ந்தே இருக்கும். கிறிஸ்டிஸ், சோத்பிஸ் இரண்டிலும் இந்த அளவிலான விலைக்கு அந்தக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் சுமார் 26, 27 சதவீதமாக இருந்திருக்கிறது. 20,000 பவுண்டு என்று மதிப்பிட்ட படம் அதே 20,000 பவுண்டுக்குச் சுத்தியல் தட்டப்பட்டாலும், அதாவது ஏலம் முடிந்தாலும், செய்தியில் 25,000க்கு மேல் என்றுதான் வரும். நீங்கள் விலை உயர்வு என்று எண்ணியது உங்கள் பையிலிருந்து போன கட்டணத்தைத்தான்.

இப்போது மைத்துனர் சொல்லும் 20,000 பவுண்டைக் கணக்கிடுவோம். பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் சுத்தியல் விலை 23 லட்சம். வாங்குபவர் கட்டணம் 6 லட்சம். பொதி கட்டுதல், விமானச் சரக்கு, காப்பீடு ஆகியவற்றுக்கு ஒன்றே முக்கால் லட்சம். இந்தியாவில் இறக்கும்போது சுங்கத் தீர்வையும் ஜிஎஸ்டியும் சேர்ந்து தோராயமாக ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 லட்சம் (அன்றைய விகிதத்தை உங்கள் சுங்க முகவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்). ஆக, 23 லட்சத்துப் படம் உங்கள் வீட்டுச் சுவருக்கு வரும்போது 36 லட்சம். வாங்குபவர் கட்டணத்தின் மீதான பிரிட்டன் வாட் வரி ஏற்றுமதி ஆவணங்களைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இந்த 36 லட்சமும் 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகள் சிசி கணக்கில் கிடந்தால் 60 லட்சத்தைத் தாண்டிவிடும். விற்கும்போது விற்பவர் தரகு 10 சதவீதம் என்று கொண்டால், கைப்பணம் சேதமில்லாமல் வெளியே வருவதற்கே அந்தப் படம் 67 லட்சத்துக்குச் சுத்தியல் தட்டப்பட வேண்டும். அதாவது 23 லட்சம் ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்காக வேண்டும். ஏலத்தில் கேட்பாரில்லாமல் திரும்பிய படத்தை அடுத்த முறை வாங்குபவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அவசரத்துக்கு விற்பவருக்கு அந்த ஆபத்து மிக அதிகம்.

2025 மார்ச்சில் எம்.எஃப். உசைனின் 'கிராம் யாத்ரா' நியூயார்க்கில் ஒரு கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் விற்றதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை 1954இல் வாங்கிய நார்வே நாட்டு மருத்துவர் பின்னர் ஆஸ்லோ மருத்துவமனைக்கு அளித்தார். அங்கே அது பல பத்தாண்டுகள் தொங்கியது. அந்த எழுபது ஆண்டுகளில் யாரும் அதற்காக மாத வட்டி கட்டவில்லை. உங்கள் 70 லட்சத்துக்கோ ஆண்டுக்கு 7.7 லட்சம், மாதம் 64,000 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. தொழிலுக்குப் பயன்படாத கடனின் வட்டியை வருமான வரியில் தொழில் செலவாகக் கழிக்கவும் முடியாது. உங்கள் ஆடிட்டர் இதுவரை கழித்திருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். நடைமுறை மூலதனம் வேறு செலவுக்குத் திருப்பப்பட்டதை வங்கி கண்டால் உங்கள் கடன் வரம்பைக் குறைக்கலாம். நூல் விலை ஏறும் மாதத்தில் அப்படி நடந்தால் பாதிக்கப்படுவது உங்கள் ஓவிய அறை அல்ல, உங்கள் தையல் கூடம்.

ஓவியப் பங்குகளைப் பற்றி நீண்டு எழுத எனக்கு விருப்பமில்லை. நியூயார்க்கின் மாஸ்டர்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதத்தையும் விற்பனை இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கின்றன. எப்போது விற்பது என்பதும் அவர்கள் முடிவு. ஓவியத்தின் அருகில் இருக்கும் மகிழ்ச்சிக்காக வாங்கும் உங்களைப் போன்றவருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆகவே இந்த ஏலத்தில் கேட்க வேண்டாம். சிசியில் உள்ள 70 லட்சத்தை உங்கள் சொந்த வருமானத்திலிருந்து மூன்று ஆண்டுகளில் அடைக்கும் திட்டத்தை இந்த மாதமே தொடங்குங்கள். படங்களை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. வேறு வழியே இல்லையென்றால் ஒன்றை மட்டும், இந்தியாவில் உள்ள ஏலத்தில் விற்கலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்ததாயின் இலாபத்தில் 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி வரும். கடன் தீர்ந்தபின் மீண்டும் ஏலத்துக்குப் போகும்போது, சேமிப்பில் உள்ள தொகையை 1.55ஆல் வகுத்து வரும் எண்ணே உங்கள் உச்ச வரம்பு. 36 லட்சம் இருந்தால் 23 லட்சம் வரைதான் கை தூக்கலாம்.

மைத்துனரிடம் இதைச் சொல்வது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. நீங்கள் மறுத்தால் ஏல நிறுவனத்தில் தன் பெயர் கெடும் என்று அவர் சொல்லக்கூடும். நியாயமான கவலைதான், ஆனால் கையெழுத்திடும் முன் உங்களைக் கேட்டிருந்தால் அது எழுந்திருக்காது. உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அவர் இனி ஏலத்தில் எதையும் கேட்கக்கூடாது என்று, மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொன்று. அவருக்குப் பணத்தை 'உறவினர் பராமரிப்பு' என்று காட்டி அனுப்பியிருந்தால் அது தவறு. கலைப்பொருள் வாங்க அனுப்புவதை தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டமே, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற வரம்புக்குள், அனுமதிக்கிறது. ஏழு ரசீதுகளில் எவை மைத்துனர் பெயரில் உள்ளன என்று பாருங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் படத்தின் உரிமை உங்களுடையது என்ற கடிதத்தை, வங்கி அனுப்பிய தொகையின் விவரத்தோடு, அவரிடமிருந்து கையெழுத்திட்டு வாங்கி வையுங்கள்.